டேப்பட் வைக்கக் கற்றுத்தந்த எங்கள் வீதிக்காரர்களுக்கு

கோவை கணபதியில் எங்கள் வீதியில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா 2004இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் பைக் மறுபடியும் நன்றாக ஓடுகிறது. இரண்டு மாதமாக ஒரே தொல்லை. காலையில் ஒரே உதையில் கிளம்பும். உக்கடம் வரை போய் நிறுத்திவிட்டுத் திரும்ப உதைத்தால் கிக்கர் கனமே இல்லாமல் இறங்கும், கிளம்பாது. பிளக் மாற்றினேன், கார்புரேட்டர் கழுவினேன், சரியாகவில்லை. ஒரு நாள் அப்பா வெயிலில் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

முதல் நன்றி, டீக்கடை எதிரில் குடியிருக்கும் பழைய மெக்கானிக் ஐயாவுக்கு. வண்டி ஓடுவதைக் கேட்டவுடனே, "டேப்பட் சத்தமே இல்லையே, எக்ஸாஸ்ட் டைட்டா இருக்கு" என்றார். டேப்பட் வைப்பது என்றால், வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுவது. அவர் சொன்னது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில் அந்த இடைவெளி குறைந்துவிட்டது என்று. இடைவெளி கூடினால் டக் டக்கென்று காட்டிக்கொடுத்துவிடும், குறைந்தால் சத்தமே வராது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வால்வும், அது மூடும்போது உட்காரும் சீட்டும் தேயத் தேய இடைவெளி குறைகிறது. இன்ஜின் சூடானதும் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் இன்ஜினுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் (கம்ப்ரஷன்) கசிகிறது. வால்வு தன் சூட்டை சீட்டில்தான் இறக்க வேண்டும். உட்காரவே முடியாவிட்டால் கருகிப்போகும். நல்லவேளை, எங்கள் வால்வு அந்த நிலைக்குப் போகவில்லை.

லேத் பட்டறை அண்ணன் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் கொடுத்தார். வைக்க வேண்டியது 0.05 மில்லிமீட்டர். அந்தத் தகடு விரலில் நிற்காமல் வளைகிறது. "கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவுற மாதிரி லேசா இழுக்கணும்" என்று தன் மேசையிலேயே ஐந்தாறு முறை செய்ய வைத்தார். கையேட்டில் அளவு இருந்தது. அந்தப் பிடிப்பை என் விரலுக்குக் காட்டியது அவர்தான்.

அப்புறம், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாடி வீட்டுத் தங்கச்சி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, இன்ஜின் சில்லென்று இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும், மேக்னெட் சக்கரத்தில் உள்ள டி குறியை நேராக வைத்துவிட்டேன். ஆனால் ராக்கர் இரண்டிலும் ஆட்டமே இல்லை. இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவைத் தளர்த்தப் போனேன். டார்ச் பிடித்திருந்தவள், "அண்ணா, டி குறி எக்ஸாஸ்ட் முடியும்போதும் வரும். இன்னும் ஒரு சுத்து சுத்துங்க" என்றாள். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் சற்றுத் திறந்திருப்பதால்தான் ஆட்டம் இல்லை. சுற்றினேன். பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் இன்லெட் பக்கத்து ராக்கர் மெல்ல ஆடியது. எக்ஸாஸ்ட் மட்டும் ஆடவே இல்லை. அவள் சொல்லியிராவிட்டால் எல்லாவற்றையும் தப்பாக வைத்திருப்பேன்.

ஸ்க்ரூ நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி அளவு மாறிவிடுகிறது. மூன்று முறை மாறியது. நான்காவது முறை தகடு அண்ணன் சொன்ன மாதிரியே வந்தது.

நேற்று அப்பா உக்கடம் போய், மார்க்கெட்டில் நிறுத்தி, திரும்ப ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு வந்தார். கிக்கரில் பழைய கனம் வந்துவிட்டது என்று மூன்று முறை சொன்னார்.

அண்ணா, ஃபீலர் கேஜை எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருக்கிறேன், நாளை சாயங்காலம் கொண்டு வருகிறேன். வீதியில் யாருக்காவது இதே தொல்லை இருந்தால் வண்டியை முந்தின நாள் ராத்திரியே எங்கள் வாசலில் நிறுத்திவிடுங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும், சேர்ந்து பார்க்கலாம்.