பொண்ணு கேடட் ஆகி ஒரு வருஷம்

ஏய் எப்படிடீ இருக்க,

உன் லெட்டர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, நைட் ஷிஃப்ட் மாத்தி மாத்தி போட்டாங்க, உக்காந்து எழுதவே முடியல, மன்னிச்சுக்கோ. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் மனசு லேசாச்சு. சொட்டு மருந்து மட்டும் வேளாவேளைக்கு விட்டுரு, அதுல அசந்துடாத.

"பொம்பளப் புள்ளைய எதுக்குடீ ஆர்மில சேத்த"ன்னு கேட்டிருந்தல்ல, அது ஆர்மி இல்லடீ. ஆர்மி கேடட் ஃபோர்ஸ். யூனிஃபார்ம், ட்ரெயினிங் எல்லாம் ஆர்மி பக்கத்துலேர்ந்து வருது, ஆனா பசங்க யாரும் சோல்ஜர் கிடையாது, பெரியவங்களானதும் ஆர்மில சேரணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. 12 வயசுலேர்ந்து 18 வரைக்கும், இங்கிலாந்துல கவுன்ட்டி கவுன்ட்டியா, நம்ம ஜில்லா மாதிரி, பிரிச்சு நடத்துறாங்க, நாங்க கென்ட் கவுன்ட்டி. நம்ம என்.சி.சி மாதிரிதான், ஆனா இது காலேஜ்ல இல்ல, ஊருக்குள்ள ஒரு சின்ன ஹால், வாரத்துல ரெண்டு சாயங்காலம் போகணும், அதுக்குப் பேர் பரேட் நைட். 1889ல லண்டன் சதர்க்ல ஆக்டேவியா ஹில்னு ஒரு அம்மா, ஏழைங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவங்க, அங்க திரிஞ்ச பையன்களுக்காக ஒரு கேடட் கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்க. அதக் கேட்டப்புறம்தான் எனக்கு இதும்மேல இருந்த பயம் கொஞ்சம் விட்டுச்சு.

போன செப்டம்பர்ல சேந்தா. முதல் வாரமே பெரே தொப்பி ஒண்ண கொடுத்துட்டாங்க, புதுசுல அது தோசைக்கல் மாதிரி தட்டையா நிக்குது. ராத்திரி பத்து மணிக்கு சிங்க்ல சுடுதண்ணி, பக்கத்துல ஒரு பாத்திரத்துல பச்சத்தண்ணி, மாத்தி மாத்தி முக்கி, தலைல வெச்சு வலது பக்கம் இழுத்து இழுத்து விட்டு, பேட்ஜ் இடது கண்ணுக்கு நேரா வருதான்னு கண்ணாடில பாத்துக்கிட்டு, ஈரத் தொப்பியோட ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தாடீ. எண்ணெய் தேச்ச அவ்ளோ நீள முடிய கொண்ட போட்டு வலைக்குள்ள அடக்குறதுக்கு நாந்தான் போணும். ஹாஸ்டல்ல விடியக்காலம் அஞ்சு மணிக்கு நீ எனக்குக் கொண்ட போட்டு விடுவியே, அதே மாதிரி.

நவம்பர்ல ரிமெம்ப்ரன்ஸ் சண்டே. போர்ல செத்தவங்களுக்காக பதினோரு மணிக்கு ரெண்டு நிமிஷம் ஊரே அமைதியா நிக்கும். நல்ல குளிர், என் பொண்ணு அசையாம நிக்கிறா, மூக்கு நுனி செவந்து போச்சு. கொஹிமா போர் நினைவுக்கல்லுல இருக்கிற வரிகள படிச்சாங்க, எனக்கு அப்ப அது என்னன்னு தெரியாது. முடிஞ்சப்புறம் அவதான் என்னக் கையப் புடிச்சு மெய்ட்ஸ்டன்ல ப்ரென்ச்லி கார்டன்ஸுக்கு கூட்டிட்டுப் போனா. அங்க ராயல் வெஸ்ட் கென்ட் ரெஜிமென்ட்டோட நினைவுத்தூண் இருக்கு, டெல்லில இண்டியா கேட் கட்டின லட்யன்ஸ்தான் இதுக்கும் டிசைன். "அம்மா, இந்த ரெஜிமென்ட்டோட நாலாவது பட்டாலியன் 1944 ஏப்ரல்ல நாகாலாந்து கொஹிமால இருந்துச்சு, நம்ம ஊரு சோல்ஜர்ஸும் கூட நின்னு ஜப்பான் படைய எதிர்த்து சண்ட போட்டாங்க"ன்னு சொல்றா. கொஹிமா கல்லறைல புதைச்சவங்க ஒரு பக்கம், எரியூட்டின இந்து, சீக்கிய சிப்பாய்ங்க 917 பேருக்கு தனியா ஒரு நினைவிடம். நானும் நீயும் என்.சி.சில மூணு வருஷம் லெஃப்ட் ரைட் போட்டோம், நமக்கு இத யாருமே சொல்லலடீ. கென்ட்ல வளர்ற புள்ள எனக்குச் சொல்லித் தர்றா, கண்ணுல தண்ணி நிக்கல எனக்கு.

குளிர்காலம் பூரா மேப் ரீடிங், ஃபர்ஸ்ட் எய்ட், ட்ரில். துப்பாக்கிதான உனக்கு பயம், எனக்கும்தான், ஆனா அவங்க அவசரப்படவே மாட்டாங்க, முதல்ல ஏர் ரைஃபிள், பெருச தொடணும்னா சேஃப்டி பாடம் எல்லாம் முடிச்சு டெஸ்ட் பாஸ் பண்ணணும். ட்யூக் ஆஃப் எடின்பரோன்னு இங்க இளசுங்களுக்கு ஒரு விருது, அதோட முதல் படி ப்ரான்ஸ். ஏப்ரல்ல அதுக்கான எக்ஸ்பெடிஷன், ரெண்டு நாள் ஒரு ராத்திரி நடை, கூட பெரியவங்க நடக்க மாட்டாங்க, தூரத்துலேர்ந்துதான் பாத்துக்குவாங்க. நான் வாங்கிக் கொடுத்த பூட்ஸ் ஒரே மழைல தண்ணி உள்ள விட்டுருச்சு, ரெண்டு குதிகாலும் கொப்புளம். பாதில வந்துடுறியான்னு கேட்டிருக்காங்க, மாட்டேன்னுட்டாளாம். நானா இருந்தா வந்திருப்பேன்.

ஆகஸ்ட்ல சம்மர் கேம்ப், ஹாம்ப்ஷைர்ல லாங்மூர், பைன் மரமும் மணலுமா இருக்குமாம். ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒரு ஷீட்ட பஞ்சி கயித்தால, அதான் இழுத்தா நீளுற எலாஸ்டிக் கயிறு, இழுத்துக் கட்டி அதுக்கடில படுக்கணும். அதுக்குப் பேரு பாஷா. அஸ்ஸாம் பக்கம் வீட்டுக்குச் சொல்ற வார்த்தையாம்டீ, அந்தக் காலத்து சிப்பாய்ங்க அங்கேர்ந்து கொண்டு வந்தது. இப்ப இங்கிலீஷ் புள்ளைங்க எல்லாம் அதச் சொல்லிட்டுத்தான் தூங்குதுங்க. சாப்பாடு பாக்கெட்ல வரும், சுடுதண்ணில போட்டுச் சாப்டணும், வெஜிடேரியனும் இருக்கு, ஆனா ஊறுகா இல்லன்னு ஒரே பொலம்பல்.

கேம்ப்ல ஒரு சின்னப் புள்ள, பன்னெண்டு வயசுதான், முதல் ராத்திரி வீட்ட நெனச்சு அழுதிருக்கு. இவ பக்கத்துல உக்காந்து டார்ச் வெளிச்சத்துல அதுக்கு முடிச்சு போட சொல்லிக் கொடுத்தாளாம், பாஷா கயித்துலயே, திரும்பத் திரும்ப அவுத்து அவுத்து. இங்க மூத்த கேடட்டுதான் சின்னதுங்களுக்கு பாடமே எடுக்கணும், அதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. இந்த வருஷத்துல அவகிட்ட பெருசா மாறினதும் அதுதான், முன்னாடி தன் ப்ளேட்டக் கூட எடுத்து வைக்க மாட்டா.

அந்த இன்ஸ்ட்ரக்டருங்களப் பத்தி சொல்லியே ஆகணும், முக்காவாசிப் பேர் பகல்ல வேற வேல பாக்குறவங்க, அது முடிஞ்சு அப்படியே ஹாலுக்கு வந்து நிக்கிறாங்க. இவ சோல்ஜர் ஆகணும்னு இப்பவும் எனக்கு ஆச இல்ல, அத அவகிட்டயே சொல்லிட்டேன், நர்ஸ் ஆகணும்னுதான் அவளும் சொல்றா, பாப்போம். ஆனா வியாழக்கிழமை பரேட் நைட்டுக்கு இவள நான் எதுக்காகவும் நிறுத்த மாட்டேன்.

போன வாரம் லான்ஸ் கார்ப்பொரல் ஆயிட்டா, முதல் ப்ரமோஷன்! யூனிஃபார்ம்ல ஒரே ஒரு கோடு, அத நானே பத்து தடவ தொட்டுப் பாத்துட்டேன்.

ஒரு உதவி. நாம ரெண்டு பேரும் என்.சி.சி கேம்ப்ல டென்ட் முன்னாடி சமோசா பொட்டலத்தோட நின்ன போட்டோ உன்கிட்டதான இருக்கு? என் காப்பி வீடு மாறுனப்ப எங்கயோ போயிருச்சு. அவ டிட்டாச்மென்ட்ல, அதான் அந்த ஹால்ல கூடுற அவ கேடட் குழுல, காட்டணுமாம். ஃபோன்ல எடுத்து அனுப்பாத, க்ளாரா இருக்காது, கடைல ஸ்கேன் பண்ணி அனுப்புடீ.