வெளியே உட்காரவைக்கப்படும் நோயாளி

ஆசிரியருக்கு வணக்கம்.

குணப்படுத்த முடியாத நோய் என்பதை நோயாளியிடம் சொல்லலாமா, கூடாதா என்று உங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தைப் படித்தேன். புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு தரப்புமே, நோயாளிக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

"நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்று நோயாளியை அனுப்பிவிட்டு மகனிடம் மருத்துவர் பேசுகிறார். மகன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்லப்பா, மாத்திரையை மாத்தியிருக்காங்க" என்கிறார். ஈரம் காயாத அந்த முகம் போதாதா? அப்பாவுக்குப் புரிந்துவிடுகிறது. பிள்ளை தாங்கமாட்டான் என்று அவரும் கேட்பதில்லை. வார்டில் விளக்கை அணைத்த பிறகு எங்களிடம்தான் கேட்பார்கள்: "சிஸ்டர், எனக்கு இன்னும் எத்தனை நாள்?" மருத்துவரே சொல்லாததை நாங்கள் எப்படிச் சொல்வது?

இதைவிட மோசம், ஒப்புதல் படிவம். அடுத்த சுற்று கீமோ நோயைக் குணமாக்க அல்ல, கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்கத்தான் என்பது தெரியாமலேயே கையெழுத்துப் போடுகிறார். தெரிந்திருந்தால், இந்த வாந்தியும் ஊசியும் போதும், வீட்டுக்குப் போகிறேன் என்றிருப்பார். பரவாயில்லை, கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். எதுவானாலும் அவர் உடம்பு, அவர் சொல்ல வேண்டியது.

மருத்துவர்கள் மாறவே மாட்டார்கள் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் 1961-இல் வெளியான ஆய்வொன்றில், 219 மருத்துவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-இல் வெளியான ஆய்வில் 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதே மேல் என்றார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பட்டென்று போட்டு உடைக்கச் சொல்லவில்லை. "எனக்கு எதுவும் வேண்டாம், மகள்கிட்ட பேசிக்கோங்க" என்பவர்களும் உண்டு. அதுவும் அவர்கள் உரிமை. கேட்காமலேயே நாமாக முடிவெடுப்பதுதான் தப்பு. கெட்ட செய்தி சொல்வதற்கென்று 2000-இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையும், செய்தியைச் சொல்வதற்கு முன்பே, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடம் கேட்கச் சொல்கிறது.

நோய் முற்றும்வரை காத்திருக்காமல், பரிசோதனைக்கு எழுதும்போதே இதைக் கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் குறித்துவைக்கலாம். இரவுப் பணிக்கு வரும் செவிலியருக்காவது எதைப் பேசலாம், எதை விடலாம் என்று தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்