வேலையை விட்டுப் போனவரின் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், ஓடிபியைக் கொடுக்காதீர்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல காரியம். என் மாமியார் அதைப் படித்துவிட்டுத்தான், பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்றவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு போனை வைத்தார். ஆனால் ஆபீஸ்களில் நடக்கிற இன்னொரு கூத்தைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆள் வேலையை விட்டுப் போய் வருடமாகியிருக்கும். அவருடைய லாகின் கணக்கு மட்டும் சர்வரில், அதாவது எல்லாருடைய ஃபைலும் இருக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டரில், உயிரோடு இருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்கிறவரிடம் சாவியை வாங்காமல் அட்வான்ஸைத் திருப்பித் தருகிற ஹவுஸ் ஓனரைச் சென்னையில் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஆபீஸ்காரர்கள் தாராளமாகத் தருகிறார்கள்.

நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன், வயது 51. சின்ன ஆபீஸ்களுக்கு லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வாரம் ஒருநாள் மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தை நீந்திக் கடந்து, தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிறேன். பெயர் வேண்டாம். அங்கே ஆர்ட்டிகிள் பசங்கள், அதாவது சி.ஏ. படிப்புக்காகப் பயிற்சி எடுக்கிறவர்கள், வருவதும் போவதுமாக இருப்பார்கள். முன்பு மூன்று வருடப் பயிற்சி. 2023 ஜூலையிலிருந்து சேருகிறவர்களுக்கு இரண்டே வருடம். முகம் மனதில் பதிவதற்குள் ஆள் மாறிவிடும்.

போன வருடம் என் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று இரண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த நேரத்தில் ஒரு பையன் பயிற்சி முடித்துக் கிளம்பினான். ஆபீஸில் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த இன்னொரு பையன், பொறுப்பாக, யூசர்டெல் கமாண்ட் அடித்து அவன் கணக்கை அழித்துவிட்டான். ஜனவரியில் ஒரு பெண் சேர்ந்தாள். அதே பையன் யூசர்ஆட் அடித்து அவளுக்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தான். எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரிதான் தெரிந்தது.

மார்ச்சில் நான் போனபோது அந்தப் பெண் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்சிக்காரரின் தேய்மானக் கணக்குத் தாளில் தப்பு. யார் போட்டது என்று சர்வரில் ஃபைல் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உரிமையாளர் என்று இவள் பெயர் இருந்திருக்கிறது. ஆடிட்டர் எல்லார் எதிரிலும் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். “ஆன்ட்டி, நான் ஜனவரியில்தானே சேர்ந்தேன்? இந்த ஃபைல் அக்டோபர் தேதி. நான் போடாத ஃபைல் எல்லாம் என் பேர்ல இருக்கு” என்றாள்.

பொய் இல்லை. லினக்ஸுக்கு நம் பெயரெல்லாம் கணக்கில்லை. அதற்குத் தெரிந்தது எண்தான். ஈடிசி என்ற ஃபோல்டரில் பாஸ்வேர்டு என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டம், நடுவில் முக்காற்புள்ளி: பெயர், ஓர் எக்ஸ், ஆளின் எண், குழுவின் எண், முழுப்பெயர், வீட்டு ஃபோல்டர், எந்த ஷெல் (அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுகிற புரோகிராம்). அந்த எக்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் குலைத்து எழுதிய பாஸ்வேர்டே இருந்தது. எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஃபைல் என்பதால் பிறகு அதை ஷேடோ என்ற தனி ஃபைலுக்குக் கொண்டுபோய், சாதாரண ஆள் யாரும் படிக்கமுடியாதபடி பூட்டிவிட்டார்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் எண் பூஜ்யம். சாதாரண ஜனங்களுக்கு 1000-த்தில் ஆரம்பம்.

ஒவ்வொரு ஃபைலின் மேலும் ஒட்டியிருப்பது அந்த எண். பட்டியல் கேட்கும்போதுதான் சர்வர் பாஸ்வேர்டு ஃபைலைப் புரட்டி, இந்த எண்ணுக்கு இப்போது யார் என்று பார்த்துப் பெயரைக் காட்டுகிறது. போன பையனின் எண் 1031, இருந்ததிலேயே பெரிய எண். அவன் வரி அழிந்தது, பொது ஃபோல்டரில் அவன் போட்ட ஃபைல்கள் அழியவில்லை. எண் சொல்லாமல் யூசர்ஆட் அடித்தால், இருக்கிற எண்களில் பெரியதற்கு அடுத்ததைக் கொடுக்கும். 1031 அழிந்ததும் மிச்சத்தில் பெரியது 1030. அதற்கு அடுத்தது என்ன? பழைய குடித்தனக்காரர் வைத்த மளிகைக் கடை பாக்கிக்குப் புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக் கதவைத் தட்டின கதை.

ஆடிட்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். அவருக்குக் கறுப்புத் திரையைக் கண்டாலே ஆகாது. “என்னம்மா இது, ஒரு படமும் இல்லாம” என்பார். அன்றைக்குப் பேசாமல் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணை வரச்சொல்லி, பையனிடம் மூன்று காபி சொல்லச் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான். அவள் சேர்ந்த தேதிக்கு முந்தைய ஃபைல்களை எல்லாம் தேடிப் பிரித்து, போன பையன் பெயரில் புது எண்ணோடு ஒரு பூட்டிய கணக்கு போட்டு அதற்கு மாற்றிக்கொடுக்க எனக்கு முழுதாக ஒரு மத்தியானம் ஆனது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: போனவரை அழிக்காதீர்கள், பூட்டுங்கள். அதிலும் அரைப் பூட்டு உண்டு, ஜாக்கிரதை. யூசர்மாட் கமாண்டோடு மைனஸ் பெரிய எல் போட்டால் ஷேடோ ஃபைலில் அவருடைய பாஸ்வேர்டுக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி விழும்; பாஸ்வேர்டு செல்லாது, அவ்வளவுதான். வேறிடத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான ஒரு ஃபைலை, ஆள் ஏற்கெனவே வைத்திருந்தால் பாஸ்வேர்டைக் கேட்காமலே உள்ளே வந்துவிடுவார். கணக்கையும் காலாவதியாக்க வேண்டும்: அதே யூசர்மாட், மைனஸ் சின்ன ஈ, 1. அந்த ஒன்று என்பது 1970 ஜனவரி 1-க்கு அடுத்த நாள். லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸ் உலகத்தில் நாள் எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். அதாவது, இந்த ஆளின் கணக்கு நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று சர்வரிடம் சொல்கிறோம். அது நம்பிவிடும்.

பெரும்பாலான ஆபீஸ்களில் பசங்கள் உட்காருவது விண்டோஸ் கம்ப்யூட்டரில். சர்வர் ஃபோல்டரை அதில் காட்டுவது சாம்பா. சாம்பா தனக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு பட்டியல் வைத்திருக்கிறது. லினக்ஸ் கணக்கைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனால், இந்த வாசல் திறந்தே கிடக்கும். எஸ்எம்பி பாஸ்வேர்டு கமாண்டில் மைனஸ் டி போட்டு அதையும் மூட வேண்டும்.

ஊருக்குச் சொல்கிறேனே தவிர நானும் பட்டவள்தான். 2018 ஜூலை. ஒரு குழுவில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் குழுவின் ஃபோல்டர் திறக்கும். ஆபீஸில் ஜிஎஸ்டி வேலைக்கென்று தனிக் குழு ஒன்று போட்டு, சீனியர் பையனை அதில் சேர்த்தேன். யூசர்மாட், மைனஸ் பெரிய ஜி, குழுவின் பெயர், அவன் பெயர், என்டர். சரி என்று கிளம்பிவிட்டேன். மைனஸ் சின்ன ஏ போட மறந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த ஏ இருந்தால், இருக்கிற குழுக்களோடு இதையும் சேர் என்று பொருள். இல்லையென்றால் இது ஒன்று மட்டும் போதும், மற்றதை எல்லாம் எடு. டிடிஎஸ், ஆடிட், பிரிண்டர் என்று அவன் இருந்த எல்லாக் குழுவிலிருந்தும் பையனை நீக்கிவிட்டேன். கொடுமை என்னவென்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கிறவருக்கு, வெளியேறி மறுபடி நுழைகிற வரைக்கும் பழைய குழுக்களே ஓடும். மறுநாள் காலை அவன் நுழைந்தபோது டிடிஎஸ் ஃபோல்டர் அனுமதி இல்லை என்றது. தேதி ஜூலை 31. முதல் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்னுக்குக் கடைசி நாள்.

குரோம்பேட்டை ஸ்டேஷனில் நின்றுகொண்டு போனில் கேட்கிறேன், அவன் எந்தெந்தக் குழுவில் இருந்தான் என்று. அவனுக்கே தெரியவில்லை. காப்பாற்றியது ஒரு சின்னக் கோடு. ஈடிசி ஃபோல்டரில் குரூப் என்ற ஃபைலுக்குப் பக்கத்தில், அதே பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்ட இன்னொரு ஃபைல் இருக்கும்; கடைசியாக மாற்றுவதற்கு முந்தைய நகல். நல்லவேளை, எனக்கு அப்புறம் யாரும் கை வைக்கவில்லை. அதைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் சேர்த்துவிட்டேன். அதிலிருந்து குழுவில் சேர்க்க யூசர்மாட் பக்கமே போவதில்லை. ஜிபாஸ்வேர்டு மைனஸ் சின்ன ஏ. அது ஒருவரை ஒரு குழுவில் சேர்க்கும், வேறு எதையும் தொடாது.

இதற்குப் பயந்து எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்கு போட்டு, பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டுகிற ஆபீஸ்களும் உண்டு. யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவே போட்டிருக்கிறது, கம்பெனிகளுக்கும் சேர்த்து. 180 நாளும் ‘ஆபீஸ்’ நுழைந்தது, ‘ஆபீஸ்’ வெளியேறியது என்றே இருந்தால் அந்தப் பதிவை வைத்து என்ன செய்வது?

உங்களிடம் கேட்பது இதுதான். ஓடிபிக்கு ஒதுக்குகிற இடத்தில் ஒரு நாள் இதற்கும் கால் பக்கம் கொடுங்கள். ஆள் கிளம்பும்போது ஐடி கார்டு, லாக்கர் சாவி, லேப்டாப் எல்லாம் திரும்பி வந்ததா என்று கையெழுத்து வாங்குகிற தாளில், கணக்கு பூட்டப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். செலவு ஒரு ஜெராக்ஸ் காசு.

ஆடிட்டர் ஆபீஸில் சேர்த்துவிட்டார்கள். என் பங்குக்கு சர்வர் மேல் 80 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்: எண், பெயர், சேர்ந்த தேதி, போன தேதி. ஒருமுறை எழுதிய எண் மறுபடி யாருக்கும் இல்லை. அதில் எழுதுவது இப்போது அந்தப் பெண்தான். அவள் வரியில், பெயருக்குப் பக்கத்தில், ‘ஜனவரியில்தான் சேர்ந்தேன்’ என்று சின்ன எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை – 600 044