ரவையை வறுத்து வை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுந்ததா என்று நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் பேப்பர்.

திருச்சியிலிருந்து சம்பந்தி பேசினார். மழையைப் பற்றிப் பேசினோம். மழையைப் பற்றி மட்டும்தான்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பட்டியலைக் காட்டினாய் அல்லவா, அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரூபாய் வெறும் காகிதமாகிவிடும், அன்றைக்கு இதைக் கொடுத்து அதை வாங்குவதுதான் பிழைப்பு என்றாய். அரிசி, ரவை, முந்நூறு லைட்டர், வெள்ளிக்காசு. குடிக்காத நீ இரண்டு பெட்டி பிராந்தி! கேட்டால் மாற்றிக்கொள்ள என்கிறாய். புனேயில் அந்த ஹாலில் நடக்க இடம் இருக்கிறதா?

முப்பது வருஷம் மளிகைக்கடை வைத்தவன் சொல்கிறேன். ரவையை வறுத்து, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போடு. வறுக்காத ரவை பண்டமாற்றுக்கு இல்லை, புழுவுக்கு. பருப்பில் காய்ந்த மிளகாய் போடு. புதுசு பின்னால், பழசு முன்னால். கடையில் உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான். அப்புறம், எதிர் பிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், தெரியாது என்றாய். மாற்றிக்கொள்ள எதிரே ஒரு ஆள் வேண்டாமா தம்பி?

ஊரில் தாத்தா கருப்பட்டி கொடுத்து நெல் வாங்கியவர்தான். முடி வெட்டுகிறவருக்கும் துணி வெளுக்கிறவருக்கும் வருஷம் முழுக்கக் காசு கிடையாது, அறுப்பு முடிந்தால் களத்தில் நெல். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். அளந்து போடுகிறவன் கை எப்போதும் மேலே இருந்ததை மட்டும் சொல்லமாட்டார்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்களே, அந்த மாதம் கடை எப்படி ஓடியது என்று நீ பார்த்தாய். பிளம்பர் மேல்தொட்டிக் குழாயை மாற்றிக்கொடுத்து அரிசி வாங்கிப்போனார். ஆட்டோக்காரர் கொத்தவால்சாவடியிலிருந்து சரக்கு ஏற்றிவந்து எண்ணெய் எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கெல்லாம் கடன் நோட்டுதான். எழுதி வைத்தேன், நாலைந்து பேர் தவிர எல்லோரும் வந்து தீர்த்தார்கள். முகம் தெரியும் என்பதால் ஓடியது. உன் வெள்ளிக்காசை நான் கடைக்காரனாக நின்று வாங்கமாட்டேன். அது வெள்ளியா என்று யார் உரசிப் பார்ப்பது?

நீ எப்போதும் சொல்வது வெள்ளத்தைத்தான். "அன்னைக்கு நம்ம தெருவுல நீங்கதானேப்பா ராஜா" என்று சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் நம் ஜாபர்கான்பேட்டைக்குள் வந்தபோது கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏடிஎம் இல்லை. அரை லிட்டர் பால் நூறு ரூபாய்க்குப் போனது. பரணில் ஏற்றி வைத்ததால் நம் சரக்கு பாதி தப்பியது. முதல் இரண்டு நாள் மெழுகுவத்தி, கொசுவத்தி, பால் பவுடர், நாப்கின் இவைதான் கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியவரை அவர்கள் போனுக்குச் சார்ஜ் போட்டார்கள், நான் பிஸ்கட் கொடுத்தேன். அப்புறம் பையன்கள் வண்டி வண்டியாகச் சாப்பாட்டுப் பொட்டலமும் பிரெட்டும் கொண்டுவந்தார்கள், அரிசியை யாரும் சீண்டவில்லை. கொண்டுவந்து கொட்டிய பழைய துணி பிளாட்பாரத்திலேயே மக்கியது. அப்போது விலை ஏறியது சேறு அள்ளுகிற கைக்குத்தான். உன் பட்டியலில் மண்வெட்டி இல்லை, பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஆற்றோரக் குடிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. பால் பவுடர் கேட்டாள். காசு இல்லை, வீடே போய்விட்டது என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, அதன் மேலேயே கையை வைத்திருந்தேன். அவள் குழந்தையின் கொலுசைக் கழற்றினாள். அதற்கப்புறம்தான் கையை எடுத்தேன்.

அடகு மாதிரிதான், காசு கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வரவில்லை. ஆற்றோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். எட்டு எட்டு மாடியாக அத்தனை கட்டடம் நிற்கிறது. பெயர் கேட்டிருந்தாலாவது விசாரித்திருக்கலாம். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். கொலுசு இன்னும் கல்லாவின் உள்ளறையில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

நோட்டில் எழுதி ஊருக்கே கடன் கொடுத்தது அதற்குப் பரிகாரமாகத்தான் என்று சொல்ல ஆசை. பொய். வியாபாரம் நிற்கக்கூடாதே என்றுதான் கொடுத்தேன்.

அன்று காலை நீ மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாய். காலேஜ் லீவு. பார்த்தாயா இல்லையா என்று இத்தனை வருஷம் நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நீ ராஜா என்று சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய பிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. வருகிறவர்களிடம் எல்லாம் பையன் வாங்கிக்கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா திட்டுகிறாள்.

ரவையை வறுத்து வை. பிராந்தியை யாருக்காவது கொடுத்துவிடு. எதிர் பிளாட்டு ஆளிடம் ஒரு வார்த்தை பேசு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையை மூடிவிடுவேன், போன் பண்ணு. எனக்கு அப்புறமாகப் பண்ணினாலும் சரி, முதலில் திருச்சிக்கு ஒன்று பண்ணு.

இப்படிக்கு,
அப்பா