மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் ஒரு கல் நடுங்கள்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நெடுஞ்சாலை, வனத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி சர்வீஸ் அம்பாசமுத்திரம் பக்கத்து மலைத் தடங்களிலேயே போனது. ஜன்னலோரம் உட்கார்ந்த வெளியூர்க்காரர்கள், "அண்ணாச்சி, இது என்ன இடம்?" என்று கேட்பார்கள். சில்லறை எண்ணிக்கொண்டே தெரிந்ததைச் சொல்வேன். இப்போது பெரும்பாலும் காரில் வருகிறார்கள்; கேட்க ஆளில்லை. சாலையோரம் பலகைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. வேகத்தைக் குறை, குரங்குக்குத் தீனி போடாதே, பிளாஸ்டிக் கொண்டுவராதே. எல்லாம் வேண்டியவைதான். இங்கே என்ன நடந்தது என்று சொல்லத்தான் ஒன்றுமில்லை.

தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று விவரமாக இருக்கும். கட்டியது யார், எப்போது என்று தேடினால் பல இடங்களில் கிடைக்காது. திருடனுக்கு மட்டும் எழுதிய பலகை மாதிரி.

நம் ஊர்க்காரர்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியன் கல்வெட்டு 1,100 ஆண்டுகளுக்கும் பழையது. சிவன் கோயிலுக்கு 290 காசு கொடுத்தேன், அதை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைத்தேன், முதல் கெடாமல் காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும் என்று வட்டெழுத்தில் கணக்கோடு வெட்டிவைத்திருக்கிறான். இளங்கோக்குடி என்பது அம்பாசமுத்திரத்தின் பழைய பெயர். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நடந்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் வேண்டும்; என் முதல் கோரிக்கை மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் ஒரு கல். மாஞ்சோலைக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். பையைச் சோதித்து, சீட்டைப் பார்த்து அனுப்புகிறவரை ஜனங்கள் சும்மா நிற்கிறார்கள். வாசிக்க வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வளைவில் பலகை வைத்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார், அது வேறு ஆபத்து.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,300 ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது அந்த மலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நான் கூவிய பெயர்கள் எல்லாம் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஊர்கள். குத்தகை 2028-ல் முடிகிறது; வேலை 2024-லேயே நின்றுவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் காலியானால் காடு மூடிக்கொள்ளும். மூடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் இருந்ததற்கு அடையாளமாக ஒரு கல்லாவது வேண்டாமா?

அப்புறம், எழுதுவதை மழுப்பாமல் எழுதுங்கள். 1925-ல் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் உயிர்விட்டார். அங்கே பலகை வைத்தால், அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் எழுந்த சண்டையையும் ஒரு வரி சேருங்கள். அவர் தியாகம் அதனால் குறைந்துவிடாது.

தகரப் பலகை வேண்டாம். நம் மழைக்கு ரெண்டு வருஷம் தாங்காது, அதற்குள் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஏறிவிடும். கருங்கல் போதும். ஆயுத பூஜைக்கு மைல்கல்லுக்கே சந்தனம் பூசி மாலை போடுகிறவர்கள் நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள். கல்லைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதையே முன்பு ஓர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தேன். நிதி இல்லை என்று பதில் வந்தது. அதே மாதம் அந்த வாசலில் புது வரவேற்பு வளைவு எழும்பியது.

கல்லில் வெட்ட நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"இந்த மலையில் 1929 முதல் தேயிலைத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு."

கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்கும் இதே வாசகம் பொருந்தும். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கல் நடும் தேதியைச் சொன்னால் போதும், முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்
கல்லிடைக்குறிச்சி