ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள், வேலையைக் கற்றுக்கொடுத்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாயப்பட்டறைக்கு ஆளே கிடைப்பதில்லை, வருகிற பையன்களும் ஒரே வாரத்தில் ஓடிவிடுகிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளைவதில்லை என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பு அப்படி வேலைக்கு வந்த ஆள் நான். அதுவரை செல்போன் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறை, போர்வைக்குப் போகிற சிட்டா நூலுக்கு, அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய நூலுக்கு, கையாலேயே சாயம் போடுகிற இடம். ஒரே நாளில் சேர்ந்த மூன்று பேரில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். போன இருவரும் சோம்பேறிகள் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படிச் சுற்றிய ஒரு கட்டுக்குச் சிட்டம் என்று பெயர், பருத்தி நூலில் ஒரு சிட்டம் என்றால் 840 கெஜம். சிட்டங்களைக் கம்பில் கோத்துத் தொட்டிக்குக் குறுக்கே வைத்து, சாயத்தில் பாதி முங்கியிருக்கும் நூலை மேல் கீழாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை நிறுத்தினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அவசரப்பட்டால் நூல் சிக்கிக்கொள்ளும், அப்புறம் ராட்டையில் போடுகிற அக்காக்கள் பிரிக்க முடியாமல் நம்மைத்தான் திட்டுவார்கள். தண்ணீர் 50, 60 டிகிரி சூட்டில் இருக்கும், ஆவி நேராக முகத்தில் அடிக்கும், முக்கால் மணி நேரம் நிமிர முடியாது. இண்டிகோ நீலம் போடுகிற நாளில் நூல் தொட்டியிலிருந்து மஞ்சள் கலந்த பச்சையாகத்தான் வெளியே வரும், காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரிலேயே நீலமாகும். அதை முதல் தடவை பார்த்த அன்றுதான் இந்த வேலையை விடக் கூடாது என்று நினைத்தேன்.

ஆனால் ஆளைச் சாய்ப்பது அதற்குப் பிறகு வருகிற பிழிதல். சுவரில் பதித்த கொக்கியில் ஈர நூலை மாட்டி, மறுமுனையில் ஒரு தடியைச் செருகி முறுக்க வேண்டும். ஐந்து கிலோ நூல் நனைந்து வெளியே வந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், அப்படி ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். முதல் வாரம் காலையில் எனக்குச் சட்டைப் பித்தான் போட வரவில்லை, அம்மாதான் போட்டுவிட்டார். மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்த மேஸ்திரி மூன்றாவது வாரம் திரும்பி வந்து, நான் பிழிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மணிக்கட்டால முறுக்காத தம்பி, தடியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உடம்போட திரும்பு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே வலி பாதியாகக் குறைந்தது. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் மற்ற இருவரில் ஒருவனாவது இன்று என்னோடு இருந்திருப்பான். அவன் போனது கைவலி தாங்காமல்தான்.

இன்னொருவன் போனது சாயத்தில் சேர்க்கிற காஸ்டிக் சோடா என்ற காரத்தால். காஸ்டிக்கை எப்போதும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அவனிடம் யாரும் சொல்லவில்லை, முழங்கையில் தெறித்துவிட்டது. எலுமிச்சம்பழம் தேய் என்று ஒருவர் ஓடிவந்தார். அதுவும் தப்பு, குழாயைத் திறந்துவிட்டு குறைந்தது கால் மணி நேரமாவது தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இண்டிகோவைக் கரைக்கப் போடுகிற ஹைட்ரோஸ் பொடி டப்பாவை மூடாமல் விட்டு ஈரம் பட்டால் அதுவே சூடாகிப் புகைந்து தீப்பிடிக்கும். ரியாக்டிவ் சாயப் பொடியை முகமூடி இல்லாமல் அள்ளினால் சிலருக்கு ஆஸ்துமா வந்துவிடும். நகக்கண்ணில் ஏறிய சாயம் போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரில் கை கழுவுகிறோமே, தோல் வெடிப்பது சாயத்தால் மட்டுமல்ல, அதனாலும்தான். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும்.

கையுறை கொடுத்தால் நீங்களே போடுவதில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். கடையில் கிடைக்கிற தடித்த ரப்பர் உறையைப் போட்டால் நூல் சிக்குவது விரலுக்குத் தெரியாது, தடியும் வழுக்கும். முழங்கை வரை வருகிற, விரல் நுனியில் மெல்லிசான உறைகள் இருக்கின்றன, விலை கூட. அதோடு ரப்பர் பூட்ஸும் வேண்டும், தரை எப்போதும் சோப்புத் தண்ணீர்.

நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எங்கள் பக்கம்தான், சாயக் கழிவு அந்த ஆற்றை என்ன செய்தது என்பதை நாங்கள் பார்த்து வளர்ந்தோம். 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆற்றில் கலந்தால் இத்தனை கேடு என்று நீதிமன்றம் வரை போய்ச் சொன்ன அதே தண்ணீரில்தான் நாங்கள் தினமும் எட்டு மணி நேரம் கையை வைத்திருக்கிறோம். அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, நெசவாளர் சேவை மையமும் இருக்கிறது. இந்த வேலை தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர்கள் பட்டறைக்கே வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கும்படி கைத்தறித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். சாயக்கூலி பேசும்போது கையுறை, பூட்ஸ், முகமூடி செலவையும் சேர்த்தே பேச வேண்டும், நூல் கொடுக்கிற சங்கங்களும் வியாபாரிகளும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை எங்கள் பட்டறைக்குப் புதுப் பையன் ஒருவன் வருகிறான், பிளஸ் டூ முடித்தவன். முதல் நாள் அவனைத் தொட்டிப் பக்கம் விட வேண்டாம், மேஸ்திரி கூடவே நிற்கட்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைத் தொழிலாளி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.