ஒரு பொம்மைக்கு மூன்று பேர்

ஒசாகா

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மகள், மருமகன், பேரன் எல்லோரும் நலம். பேரனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருக்கிறது. குளிர் விட்டுவிட்டதால் நானும் காலையில் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. அதை அடுத்த கடிதத்தில் எழுது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அரிச்சந்திரன் மயான காண்டத்தைப் பொம்மலாட்டமாகப் போடுகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் மேலே தட்டி கட்டி, கறுப்புத் துணி தொங்கவிட்டு, ஆட்டுகிற பிள்ளைகள் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். ஆட்டுகிறவர் தெரிந்தால் கதையில் மனம் ஒன்றாது என்கிறாய். மறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்வேன். இங்கே பார்த்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய்.

ஒசாகாவில் நிப்பொன்பாஷி பக்கம் தேசிய புன்ராக்கு அரங்கம் இருக்கிறது. 1984-இல் திறந்தது. புன்ராக்கு என்பது இவர்களுடைய பொம்மை நாடகம். குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிடாதே. காதல், கடன், கொலை, எஜமான விசுவாசம் என்று எல்லாமே பெரியவர்களின் கதைகள். மகள் டிக்கெட் வாங்கிக் கொடுத்து என்னைக் கூட்டிப்போனாள். பழைய மொழி ஜப்பானியர்களுக்கே எளிதில் விளங்காது என்பதால், பாடும் வரிகளை மேடைக்கு மேலே எழுத்தில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து அவள் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் நானே அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டேன்.

பொம்மைகள் ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும். முக்கியமான ஒவ்வொரு பொம்மையையும் மூன்று பேர் ஆட்டுகிறார்கள். தலைமை ஆட்டக்காரரின் இடது கை பொம்மையின் முதுகு வழியாக உள்ளே போய்த் தலையைப் பிடிக்கிறது. அவருடைய வலது கை பொம்மையின் வலது கையை ஆட்டுகிறது. இரண்டாமவருக்கு இடது கை, மூன்றாமவருக்குக் கால்கள். இவர்கள் இருவரும் தலை முதல் கால் வரை கறுப்புத் துணியால் மூடியிருக்கிறார்கள். முக்கியமான காட்சிகளில் தலைமை ஆட்டக்காரர் மட்டும் முகம் தெரிய, நல்ல உடுப்பு உடுத்தி நிற்கிறார். மற்ற இருவரும் குனிந்து வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக அவர் காலில் உயரமான கட்டைகள். சத்தம் கேட்காமலிருக்க அவற்றின் அடியில் வைக்கோல் செருப்பு.

ஆக, ஒரு பெண் தனியே உட்கார்ந்து அழும் காட்சியில் மேடை மேல் நான்கு உருவங்கள். ஆனால் சேது, என் கண் அந்தப் பொம்மையை விட்டு நகரவே இல்லை. ஆட்டுகிறவரின் முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. அவர் பார்வை முழுக்கப் பொம்மை மேல்தான். அவர் அழுவதுபோல் முகத்தைச் சுளித்திருந்தால் நான் அவரைத்தான் பார்த்திருப்பேன். தன்னிடம் உள்ளதையெல்லாம் அவர் பொம்மைக்குக் கொடுத்துவிடுவதால் நம் கண்ணும் அங்கேயே போகிறது. உன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இதுதான். தட்டி கட்டுவதை விட இது கடினம், சந்தேகமே இல்லை.

குரல் விஷயம் தனி அதிசயம். மேடைக்கு வலப்பக்கமாக ஒரு சுழலும் திண்ணை. அதில் கதை சொல்லும் தாயூவும், ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கிழவன், சிறுமி, வில்லன், நடுவே கதைசொல்லி என்று எல்லாக் குரலும் அந்த ஒரே தாயூவின் தொண்டையிலிருந்து வருகிறது. அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்க வேண்டும் என்பதற்காக வயிற்றில் துணியை இறுகக் கட்டி, மடியில் மணல் நிரப்பிய சிறிய பையைச் செருகிக்கொள்கிறார்கள். தொடங்குமுன் கதை ஏட்டைத் தூக்கி நெற்றிக்கு நேராகப் பிடித்து வணங்குகிறார். அப்போது நம் ஊர்க் கூத்துக்காரர்களின் நினைவு வந்தது.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். 1684-இல் தக்கெமோத்தோ கிதாயூ என்ற பாடகர் ஒசாகாவின் தோத்தோன்போரியில் ஒரு பொம்மை அரங்கம் தொடங்கினார். அவருக்கு நாடகங்கள் எழுதிக் கொடுத்தவர் சிக்கமாட்சு மொன்சாயெமொன். 1703-இல் ஒசாகாவிலேயே சோயா சாஸ் கடைக் குமாஸ்தா ஒருவனும் விலைமகள் ஒருத்தியும் சொனெசாக்கி கோயில் காட்டில் சேர்ந்து உயிரை விட்டார்கள். ஒரே மாதத்தில் சிக்கமாட்சு அதை நாடகமாக்கிவிட்டார். அதுவரை மேடையில் ராஜாக்களும் வீரர்களும்தான் நாயகர்கள். இங்கே கடைக் குமாஸ்தா நாயகன். ஊரே திரண்டு வந்தது, கடனில் இருந்த அரங்கம் மீண்டது. பிறகு இதுபோன்ற நாடகங்கள் பெருகி, நிஜத்திலும் காதலர்கள் அப்படிச் சாவது கூடிப்போனதால், 1723-இல் அரசு அவற்றைத் தடை செய்தது. அந்த நாடகம் திரும்பப் பொம்மை மேடையேறியது 1955-இல்தான்.

அதில் ஒரு காட்சி. நாயகி ஒஹாட்சு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். காதலன் அவள் ஆடைக்கு அடியில் திண்ணைக்குக் கீழே ஒளிந்திருக்கிறான். எதிரி பக்கத்திலேயே உட்கார்ந்து அவனைப் பற்றி இழிவாகப் பேசுகிறான். சாகத் துணிந்துவிட்டாயா என்று அவள் தன் பாதத்தால் கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தைப் பிடித்துத் தன் கழுத்தின் குறுக்கே இழுத்துப் பதில் சொல்கிறான். பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் காலே கிடையாது. கால்காரர் உடுப்பின் ஓரத்தைக் கையால் அசைத்தே நடையைக் காட்டிவிடுவார். இந்தக் காட்சிக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பாதம் செய்து வைத்திருக்கிறார்கள். நாடகம் முழுக்க இல்லாத கால் திடீரென்று வெளியே வரும்போது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் முதலிலேயே காட்டியிருந்தால் இந்தப் பலம் வந்திருக்குமா?

சிக்கமாட்சு காலத்தில் ஒரு பொம்மைக்கு ஒரே ஆள்தான். மூன்று பேர் முறை 1734-இல் வந்தது. அந்தக் காலத்தை ஒட்டியே கண் உருளவும், புருவம் ஏறவும், விரல் மடங்கவும் செய்தார்கள். தலைக்குள் இருக்கும் வில்லைத் திமிங்கலத்தின் வாய்த்தகட்டிலிருந்து செய்தார்கள். பெண் பொம்மையின் உதட்டோரம் ஒரு சின்ன ஊசி இருக்கும். அழும்போது முன்கையின் துணியை அதில் மாட்டினால், துணியைக் கடித்துக்கொண்டு விம்முவதுபோலவே தெரியும். உன் சந்திரமதிக்கு இதை அவசியம் செய்து பார். லோகிதாசனை மடியில் போட்டு அவள் அழும் இடத்தில் முந்தானை அந்த ஊசியில் மாட்டட்டும்.

காலுக்குப் பத்து வருடம், இடது கைக்குப் பத்து வருடம், அதற்குப் பிறகுதான் தலை என்பது இவர்கள் கணக்கு. மேடையில் மூவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தலைமை ஆட்டக்காரர் தலையையும் தோளையும் அசைக்கும் விதத்திலேயே மற்ற இருவருக்கும் அடுத்த அசைவு தெரிந்துவிடுகிறது. யொஷிதா தமாவோ என்ற மேதை அந்தக் குமாஸ்தா பொம்மையை மட்டும் ஆயிரம் முறைக்கு மேல் ஆட்டியிருக்கிறார். 2006-இல் காலமானார். அவரை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தக் கலைக்குள் வரக் கலைஞர் வீட்டில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1972 முதல் அரசு அரங்கமே வெளியாட்களை எடுத்துப் பயிற்சி தருகிறது. இதில் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் தொழில்முறைக் குழுவில் எல்லோரும் ஆண்கள்தான், அது உறுத்துகிறது. உன் குழுவில் பெண் பிள்ளைகள்தான் அதிகம் என்று எழுதியிருந்தாய், ரொம்ப நல்லது.

சிக்கமாட்சு சொன்னதாக, அவர் இறந்த பிறகு 1738-இல் வந்த நூலில் ஒரு கதை இருக்கிறது. அரண்மனைப் பெண் ஒருத்தி, காதலனைப் பார்க்க முடியாமல், அவனைப்போலவே ஒரு மரச்சிலை செய்யச் சொன்னாள். நிறம், பல், தோலின் துளை வரை அச்சு அசல் அவனேதான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவளுக்கே அருவருப்பாகிவிட்டது. காதலும் ஆறிப்போய்ச் சிலையைத் தூக்கி எறிந்துவிட்டாள். நிஜத்துக்கும் நிஜமில்லாததற்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடத்தில்தான் கலை இருக்கிறது என்பது அவர் கருத்து. மூன்று ஆட்டக்காரர்களும் கண் முன்னால் நிற்பதால்தான் அந்த இடம் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது மரம் என்று நமக்குத் தெரியும், தெரிந்தே அழுகிறோம். மறைத்துவிட்டால் எப்படி ஆட்டுகிறார்கள் என்றுதான் பிள்ளைகள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நம் பொம்மலாட்டத்தில் தலையில் இரும்பு வளையம் மாட்டி, அதிலிருந்து கயிறு கட்டி ஆட்டுவார்கள் அல்லவா? ஆட்டுகிறவர் தலை சாய்த்தால் பொம்மையும் சாயும். உடம்பையே பொம்மைக்குக் கொடுக்கிற அந்த வேலையைச் சபை பார்க்கட்டும். தட்டியை ஒரு நாள் கழற்றிவிட்டு ஒத்திகை வைத்துப் பார். ஆட்டுகிற பிள்ளைகள் சபையைப் பார்க்காமல் பொம்மையையே பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனி.

வைகாசியில் ஊருக்கு வருகிறேன். ஆண்டு விழா அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் ஒத்திகையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல். சந்திரமதிக்கு யார் குரல் கொடுக்கிறார்கள் என்றும் எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
கதிர்